கூம்புக்கு வெளியே இருந்தால் கிளம்ப வேண்டாமா?

புயல் வரைபடத்தில் உள்ள வெள்ளைக் கூம்பு ஃபுளோரிடாவில் உங்கள் ஊரான டாம்பாவைத் தொடவில்லை, அதனால் வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். புயலின் மையம் எந்த வழியாகப் போகலாம் என்பதைத்தான் கூம்பு காட்டும். மூன்றில் ஒரு தடவை மையமே அதைத் தாண்டிப் போய்விடும். காற்றும் மழையும் கடல் ஏற்றமும் எவ்வளவு தூரம் பரவும் என்பது அதில் கிடையாது.

2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி கரையைக் கடந்தது வடக்கே எங்கேயோ, பெர்ரி பக்கம். ஆனாலும் டாம்பா விரிகுடாவில் கடல் ஆறடிக்கு மேல் ஏறி வீடுகளுக்குள் புகுந்தது.

முதலில் மாவட்ட இணையதளத்தில் முகவரியைக் கொடுத்து உங்கள் வெளியேற்ற மண்டலம் எது என்று பாருங்கள். காப்பீட்டுக்காரர் சொல்லும் வெள்ள மண்டலம் வேறு, இது வேறு. நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். முதலில் வெளியேறச் சொல்லப்படும் ஏ மண்டலம் என்றால் முதல் அறிவிப்பிலேயே கிளம்புங்கள். பக்கத்து மாநிலமான ஜார்ஜியா வரை ஓட வேண்டியதில்லை, இருபது முப்பது மைல் உள்ளே மேடான இடத்தில் நண்பர் வீடு இருந்தாலே போதும்.

தேசிய சூறாவளி மையத்தின் முழு அறிக்கை காலை 5, 11 மணிக்கும் மாலை 5, இரவு 11 மணிக்கும் வரும். அதைப் பாருங்கள், வாட்ஸப் படங்களை விடுங்கள். பெட்ரோலை இன்றைக்கே நிரப்பிவிடுங்கள்.