டாப்ளர் நார்மல் என்கிறார்களே, பிறகு எதற்கு பெர்ஃப்யூஷன் ஸ்கேன்?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மூளையில் அனியூரிசம் (ரத்தக்குழாயில் பலூன்போல் புடைத்த இடம்) வெடித்து, மறுநாள் அதற்குள் உலோகச் சுருள் (காயில்) வைத்து அடைத்தார்கள். இன்று ஆறாம் நாள். பேசுகிறார், ஆனால் நேற்றிலிருந்து சற்று மந்தமாக இருக்கிறார். தலை டாப்ளர் நார்மல் என்றார்கள். இப்போது ‘மூளையில் ரத்தம் சுற்றிவரும் நேரத்தை அளக்க வேண்டும், பெர்ஃப்யூஷன் சி.டி. எடுக்கலாம்’ என்கிறார்கள். பாதி விலைக்கு வெளியே எடுத்துத் தருகிறேன், ஆம்புலன்ஸும் ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார். இது தேவையா? வெளியே எடுக்கலாமா? – ஒரு வாசகர், திருச்சி.

பதில்: தேவை. ஆனால் வெளியே கொண்டுபோகாதீர்கள்.

வெடித்தபோது கசிந்த ரத்தம் மூளையின் அடிப்பகுதியில் உறைந்து கிடக்கிறது. அது கரையும்போது வெளிவரும் பொருட்கள் பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாய்களை இறுக்கிவிடும். மூன்று, நான்காம் நாளில் தொடங்கும் இந்த இறுக்கம் 7 முதல் 10 நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். இரண்டு வாரம் கழிந்த பிறகுதான் பெரும்பாலும் தணியும். நாளை வெடித்த தேதியிலிருந்து எண்ணுங்கள், சுருள் வைத்த தேதியிலிருந்து அல்ல. உங்கள் அம்மா இப்போது அந்த ஆபத்தான வாரத்தின் வாசலில் இருக்கிறார்.

டாப்ளர், நெற்றிப்பொட்டு எலும்பு வழியாக ஒலி அலையை அனுப்பிப் பெரிய குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்க்கிறது. குழாய் குறுகினால் வேகம் கூடும். நடு மூளைத் தமனியில் சராசரி வேகம் நொடிக்கு 120 செ.மீ.யைத் தாண்டினால் சந்தேகம், 200ஐத் தாண்டினால் கடுமையான இறுக்கம். வயதான பெண்கள் பலருக்கு அந்த எலும்பு வழியே ஒலி புகாது. அப்போது ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘நார்மல்’ என்று எழுதிவிடுவதும் உண்டு. ஆகவே இரு பக்கமும் எவ்வளவு வேகம் வந்தது என்று எண்ணாகக் கேளுங்கள். எண் இல்லாத ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். எண் சரியாகவே இருந்தாலும், தொலைவில் உள்ள சிறு குழாய்கள் இறுகினால் டாப்ளருக்குத் தெரியாது.

சுற்றுநேரம் அந்த இடத்தில்தான் உதவுகிறது. ரத்தம் தமனி வழியாக நுழைந்து சிரை வழியாக வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே கணக்கு. சுவீடனின் டோர்னி கிரைட்ஸ் 1956இல் ஆஞ்சியோகிராம் படங்களை வைத்து இதை அளந்தபோது சராசரி 4 நொடிக்குச் சற்று மேல் வந்தது. வழியில் குழாய் இறுகினால் நேரம் நீளும். சி.டி.யில் கிடைப்பது இதற்கு நெருக்கமான வேறொரு அளவு, திசுவுக்குள் ரத்தம் தங்கிக் கடக்கும் சராசரி நேரம். அது 6 நொடியைத் தாண்டி, கூடவே ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் கவலைப்பட வேண்டும். ஆஞ்சியோ எண்ணையும் சி.டி. எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. ஒரு மெஷினின் எண்ணை வேறு மெஷினின் எண்ணோடு ஒப்பிடுவதும் அதே தவறுதான்.

இந்த ஸ்கேன் கெடுவது பெரும்பாலும் கையில் போட்ட ஊசியால். 40 முதல் 50 மி.லி. சாயமருந்து நொடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில் போக வேண்டும். அதற்கு முழங்கை மடிப்பில் பச்சை நிற வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) வேண்டும். புறங்கையில் இருக்கும் நீல நிறம் அந்த வேகத்தைத் தாங்காது. மருந்து இழுத்து இழுத்துப் போகும், கணக்கு குழம்பும், சில சமயம் நரம்பு வெடித்துக் கை வீங்கும். ஸ்கேனுக்கு முன் பச்சை வென்ஃப்ளான் போட்டாயிற்றா என்று நீங்களே பாருங்கள். கதிர்வீச்சு அதிகமாகாமல் இருக்க, மெஷினின் மின்னழுத்தம் 80 கிலோவோல்ட் (கே.வி.) அளவில் வைக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மருத்துவமனையில் இதே ஸ்கேனில் அமைப்பு தவறி, இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு கதிர் போய்ப் பலருக்கு முடி கொட்டியது 2009இல் தெரியவந்தது.

இன்னொரு பொறி, இடமும் வலமும் ஒன்றுபோல் இருந்தால் ‘சமச்சீர், நார்மல்’ என்று எழுதுவது. இரு பக்கமும் சேர்ந்தே இறுகினாலும் படம் சமச்சீராகத்தான் இருக்கும்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. உங்கள் அம்மாவின் வயதுக்கு அது முக்கியம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். மூளையில் ரத்தம் கசிந்த அதிர்ச்சியில் இதயத் தசை சில நாள் சோர்ந்துபோகலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம். இதயம் பலமாகத் தள்ளாவிட்டால், குழாய் இறுகாமலே மூளை முழுவதும் சுற்றுநேரம் நீளும். சாயமருந்து தலைக்கு வந்து சேருவதும் தாமதமாகும். வழக்கம்போல் 45 நொடியில் ஸ்கேனை நிறுத்தினால் மருந்து வடியும் பகுதி பதிவாகாமல் கணக்கே தப்பிவிடும். ஆகவே முதலில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்லுங்கள், கட்டிலருகிலேயே பத்து நிமிட வேலை. இதயம் சோர்ந்திருந்தால் ஸ்கேனை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டும், ரிப்போர்ட் எழுதுபவருக்கும் எக்கோ முடிவு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இதயக் கோளாறுக்கு ‘மூளைக் குழாய் இறுக்கம்’ என்று பெயர் வைத்து, அதற்கான சிகிச்சையாகச் சோர்ந்த இதயத்தின் மேலேயே பிரஷரை ஏற்றுவார்கள்.

பாதி விலைக்காரரிடம் வருகிறேன். அவருடைய பங்கு உங்கள் பில்லுக்குள்தான் இருக்கிறது. இந்த வாரத்தில் அம்மாவின் பிரஷர் பத்து நிமிடம் இறங்கினாலும் இறுகிய குழாய்க்கு அப்பால் உள்ள மூளை பட்டினி கிடக்கும். தலையில் நீர் வடியும் டியூப் இருந்தால் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மூட வேண்டும், இறக்கியதும் உயரம் சரிபார்த்துத் திறக்க வேண்டும். தரகர் அனுப்பும் ஆம்புலன்ஸில் இதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? மருத்துவமனை மெஷின் பழுது என்றால் டாக்டரும் நர்ஸும் கூட வரட்டும், இல்லையேல் ஸ்கேனே வேண்டாம். ஃபிலிம் மட்டும் வாங்காமல் முழு டேட்டா உள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாளே ஒரு பெர்ஃப்யூஷன் எடுத்து வைத்திருந்தால் இன்றைய எண்ணை அதோடு ஒப்பிட்டிருக்கலாம், பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். ஆனால் நோயாளி நன்றாக இருக்கும்போது எடுத்தால் ‘எதற்கு?’ என்று காப்பீட்டில் கேட்கிறார்கள். மோசமான பிறகு கேட்டால் அனுமதி வரத் தாமதமாகிறது. சில மணி நேரத்தில் பக்கவாதமாகிவிடும் நோய்க்கு இப்படி ஒரு நடைமுறை!

மந்தத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். தலையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று சாதா சி.டி.யும், ரத்தத்தில் சோடியமும் இன்றே பார்க்கட்டும். சாயமருந்துக்கு முன் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) வேண்டும். பேச்சு குழறினால், ஒரு கை சரிந்தால், எழுப்பினாலும் விழிக்காவிட்டால் பெர்ஃப்யூஷனுக்காகக் காத்திருக்காமல் நேராக ஆஞ்சியோகிராம் அறைக்குப் போகக் கேளுங்கள். அங்கேயே குழாய்க்குள் மருந்து விட்டோ பலூனால் விரித்தோ சரிசெய்ய முடியும்.

இதற்கிடையே, இறுக்கத்தின் பாதிப்பைக் குறைக்கும் நிமோடிபைன் மாத்திரை 60 மி.கி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். இரவு 2 மணி டோஸ் விடுபடுகிறதா என்று சார்ட்டில் பாருங்கள். பிரஷர் இறங்குகிறது என்று மாத்திரையையே நிறுத்தினால், நிறுத்தாமல் 30 மி.கி.யாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.