கல்லூரிக் கட்டணமா, தம்பியின் பட்டறையா?

கேள்வி: எனக்கு வயது 52. பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் வீடு, பிறையில் ஒரு தொழிற்சாலையில் கிராணி வேலை. பிடித்தம் போகக் கைக்கு 3,600 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. கணவர் லாரி ஓட்டுகிறார். மகன் சிரம்பானில் இறையியல் படிக்கிறான். மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாலின ஆய்வியல் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் எடுத்த 40,000 வெள்ளி தனிநபர் கடன் இன்னும் ஓடுகிறது. அதை 50,000-ஆக டாப்-அப் செய்தால் பிள்ளைகளின் செலவுக்கு 9,700, தம்பியின் கார் பட்டறைக்கு 12,000 கிடைக்கும். “சாமியாராகப் போகிறவனுக்கும் பெண்ணுரிமை பேசப் போகிறவளுக்கும் கொட்டுவதைப் பட்டறையில் போட்டால் காசாவது திரும்பும்” என்கிறான் தம்பி. பிள்ளைகளைப் படிப்பை மாற்றச் சொல்லலாமா? பாரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பதில்: சகோதரி, கையெழுத்துப் போடாதீர்கள். படிப்பைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

கடிதத்தோடு அனுப்பிய கடன் அறிக்கையின் ஓரத்தில் பென்சிலால் “மாதம் 186தான் கூடும்” என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். பேங்க் அதிகாரி சொன்னதாக இருக்கும். பொய்யில்லை. இப்போது கட்டுவது 743, புதிதாகக் கட்டப்போவது 929. ஆனால் எத்தனை மாதத்துக்கு என்பதை அந்தப் பென்சில் எழுதவில்லையே.

40,000 வெள்ளிக்கு 8 சதவீத ஃபிளாட் வட்டி, 7 வருடம் என்றால் வட்டி மட்டும் 22,400. ஃபிளாட் என்றால், கடன் குறையக் குறைய வட்டி குறையாது. உண்மையான வட்டி 14 சதவீதத்தை ஒட்டி வரும். அதோடு, வட்டியை முன் மாதங்களில் கூடுதலாகக் கழிக்கிற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் 36 மாதத்தில் சுமார் 26,700 கட்டியும் பாக்கி 28,300 நிற்கிறது. அசலில் கழிந்தது 12,000 கூட இல்லை.

பழைய கடனை அப்படியே விட்டால் இன்னும் 48 மாதம், ஏறக்குறைய 35,700 வெள்ளி. டாப்-அப் என்றால் 50,000-இல் பழைய பாக்கியைக் கட்டி முடித்து, புதுக் கடனை மறுபடி 7 வருடத்துக்குத் தொடங்குவது. அப்படி எடுத்தால் 84 மாதம், 78,000. வித்தியாசம் 42,300. கைக்கு வருவதோ 21,700. அதில் பாதிக்கு மேல் பட்டறைக்குப் போய்விடுகிறது!

இது உங்களுக்கு மூன்றாவது டாப்-அப். முதலாவது தம்பி வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு, இரண்டாவது தம்பி மகளின் சடங்குக்கு. உங்கள் வீட்டில் கடன் முடிவதே இல்லை. முடியப் போகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கறி பஃப்போடு தம்பி வந்துவிடுகிறார். இன்னும் மூன்று வருடத்தில் உங்களுக்கு 55. ஊழியர் சேமநிதிப் (இ.பி.எஃப்.) பணம் முழுவதையும் எடுக்கலாம். அது அவருக்கும் தெரியும்.

இனி பிள்ளைகள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவுக் கட்டணம் தனியார் கல்லூரிபோல் ஆளை விழுங்குவதில்லை. மகளுக்கு எஸ்.எஸ்.பி.என். என்கிற கல்விச் சேமிப்புக் கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே திறந்து, பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்க உயர்கல்விக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே சேவைக் கட்டணம் வருடத்துக்கு 1 சதவீதம்தான். பதினான்குக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அதிலும் போதாத கட்டணத்துக்குச் சேமநிதியின் செஜாத்ரா (Sejahtera) கணக்கிலிருந்து கல்விக்கென்று எடுக்கலாம். ஆனால் அது இரண்டாவது வழி. 2024-க்குச் சேமநிதி 6.3 சதவீத ஈவு கொடுத்தது. அந்தப் பணத்தை 1 சதவீதக் கடனுக்குப் பதிலாக எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை.

மகன் விஷயம் வேறு. இறையியல் படிக்கிறவர்களுக்குத் திருச்சபையே ஆதரவு தருவது வழக்கம். இப்போது சிரம்பானில் இருக்கும், 1979-இல் தொடங்கிய மலேசிய இறையியல் கல்லூரியே ஆங்கிலிக்கன், லூத்தரன், மெதடிஸ்ட் சபைகள் சேர்ந்து நிறுவியதுதான். உங்கள் ஆயரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம், நாளை அவர்களுக்கு ஊழியம் செய்யப் போகிறவன்தானே. போதகர் சம்பளம் பெரிதாக இருக்காது என்பது உண்மை. அதனால்தான் அவன் பேரில் கடன் ஏறக்கூடாது என்கிறேன். படிக்கக்கூடாது என்று அர்த்தமில்லை.

மகள் படிப்புக்கு வேலை இருக்கிறதா என்றால், பினாங்கிலேயே பாருங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ 1985-லிருந்து இயங்கும் பெண்கள் மாற்ற மையம் (டபிள்யூ.சி.சி.) இருக்கிறது. மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுக் கழகம், வரவு செலவில் பெண்களுக்கு என்ன போகிறது என்று பார்க்கிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறது. மேற்படிப்பு வேண்டுமென்றால் யூ.எஸ்.எம். என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பெண்கள், பாலின ஆய்வுக்கான கனிதா மையம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம். சம்பளம் டாக்டர் சம்பளமாக இராது, அவ்வளவுதான். உங்கள் வீட்டு வரவு செலவை அவள் ஒருமுறை பார்த்தால் என்ன சொல்வாள் என்று எனக்கும் ஆசைதான்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உறவுக்காரப் பையன் முதலீட்டோடு சேர்ந்த கல்விக் காப்புறுதி எடுக்கச் சொல்கிறான் என்று. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இப்போது கல்விக் காப்புறுதியா? முதல் சில வருடச் சந்தாவில் பெரும்பங்கு ஏஜெண்ட் கமிஷனுக்கும் கட்டணங்களுக்கும் போய்விடும். அது கழிந்து முளைவிடுவதற்குள் இவள் பட்டம் வாங்கியிருப்பாள். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தம்பிக்குப் பட்டறையில் காரைத் தூக்கும் இயந்திரம் வேண்டுமென்றால், அவர் பெயரில், அவர் வருமானத்தைக் காட்டிக் கடன் கேட்கட்டும். பேங்க் மறுத்தால், பேங்கே நம்பாத கடனை உங்கள் சம்பளத் தாளை வைத்து ஏன் வாங்க வேண்டும்? அப்படியும் மனசு கேட்கவில்லையென்றால், மாதம் 186 வெள்ளி கூடுதலாகக் கட்ட முடியும் என்று நீங்களே அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். அதைக் கையிலிருந்து கொடுங்கள், ஒரு வருடத்துக்கு. டாப்-அப் பாரத்தை பேங்கிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.