வெளிநாட்டு உளவாளிக்கு என் போனில் என்ன வேலை?

கேள்வி இது: "நாடுகள் இணையம் வழியாக ஒன்றையொன்று உளவு பார்ப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. சாதாரண ஆளின் அந்தரங்கத்துக்கு அதனால் நிஜமாகவே ஆபத்து உண்டா?"

உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை.

நான் பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். அது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்பது, "என் போன்ல பெகாசஸ் இருக்குமா?" அநேகமாக இருக்காது. பெகாசஸ் என்பது போனுக்குள் ஒளிந்து உளவு பார்க்கும் மென்பொருள். அதைத் தயாரிக்கும் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்கிறது, விலையும் கொஞ்சநஞ்சமல்ல. 2019-இல் வாட்ஸ்அப்பில் இருந்த ஓர் ஓட்டை வழியாக, அழைப்பை எடுக்காவிட்டாலும் அது போனுக்குள் நுழைந்தது. அப்போதுகூட உலகம் முழுக்கக் குறிவைக்கப்பட்ட போன்கள் சுமார் 1,400தான். அதில் இந்தியப் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் செயல்பாட்டாளர்களும் இருந்தார்கள். நம் மளிகைக் கணக்கைப் படிக்க யாரும் அவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள்.

அப்போ நமக்கு என்ன கவலை? உளவு அமைப்புகள் ஆளைத் தேடி வருவதைவிட, மொத்த மொத்தமாகப் பட்டியல்களை அள்ளிப் போவதுதான் அதிகம். அந்தப் பட்டியலில் நாமும் ஒரு வரி.

2024 பிப்ரவரியில், சீன அரசுக்காக ஊடுருவல் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்து வந்த ஐ-சூன் என்ற நிறுவனத்தின் உள் ஆவணங்களை மென்பொருள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யாரோ கொட்டிவிட்டார்கள். எந்த நாட்டிலிருந்து என்ன எடுத்தோம் என்ற கணக்கு அதில் இருந்தது. இந்தியாவின் குடியேற்றத் தரவு என்று 95.2 ஜிபி, தென்கொரியத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் அழைப்புப் பதிவுகள் 3 டெராபைட். கூடவே, சம்பளம் குறைவு என்று ஊழியர்கள் புலம்பும் சாட்டுகளும் இருந்தன. உளவு வேலையும் நம்ம ஒயிட்ஃபீல்டு ஐ.டி. ஆபீஸ் மாதிரிதான் நடக்கிறது போல.

ஒரு பட்டியலை மட்டும் வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சேர்த்து வைத்தால்தான் வினை. 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 2.15 கோடிப் பேரின் விவரங்களும் 56 லட்சம் பேரின் கைரேகையும் பறிபோனது தெரியவந்தது. பாதுகாப்பு அனுமதி வேண்டுபவர்கள் நிரப்பும் படிவங்கள் அவை. கூடப்பிறந்தவர்கள் யார், கடன் எவ்வளவு, மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டா என்று சகலமும் அதில் கேட்பார்கள். 2017-இல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரம் போனது; இதற்காகச் சீன ராணுவத்தினர் நால்வர் மீது அமெரிக்கா 2020-இல் வழக்குப் போட்டது. மேரியட் ஓட்டல் குழுமத்தில் நடந்த திருட்டு 2018-இல் வெளியே வந்தபோது, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட் எண்கள் சங்கேதமாக்கப்படாமல் அப்படியே போயிருந்தன. மூன்றையும் ஒரே மேஜையில் வையுங்கள். கடனில் மாட்டிய அதிகாரி யார், எந்த ஊரில் எந்த ஓட்டலில் தங்கினார், தம்பி எங்கே வேலை பார்க்கிறார் என்று எல்லாம் தெரிந்துவிடும். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகைக்கு எங்கே போவது?

நம் பக்கமும் உண்டு. 2021-இல் ஏர் இந்தியா 45 லட்சம் பயணிகளின் விவரம் கசிந்ததாக அறிவித்தது. ஓட்டை இருந்ததோ, பல விமான நிறுவனங்களுக்குப் பயணிகள் சேவை மென்பொருள் தரும் சீட்டா என்ற வெளிநாட்டு நிறுவனத்தில். அது உளவா, வெறும் திருட்டா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. நீங்கள் டிக்கெட் எடுத்தபோது, பெயரே கேள்விப்படாத ஒருவரிடம் உங்கள் பாஸ்போர்ட் எண் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது. போலீஸ் சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி இணைப்பகங்களில் ஒரு வசதி வைத்திருப்பார்கள். 2004-05-இல் கிரீஸ் நாட்டு வோடஃபோனில் யாரோ அந்த வசதிக்குள்ளேயே புகுந்து பிரதமர் உட்பட நூறு பேர் அளவில் ஒட்டுக்கேட்டார்கள். 20 வருடம் கழித்து, 2024-இல், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் நுழைந்த சால்ட் டைஃபூன் என்ற சீனக் குழு அதே மாதிரி வசதியைத்தான் தொட்டது. வாட்ஸ்அப் செய்திகளைப் பிறர் படிக்க முடியாமல் காக்கும் சங்கேதப் பூட்டுக்கு எங்களுக்கும் ஒரு சாவி கொடு என்று எந்த அரசாங்கம் கேட்டாலும் எனக்கு கிரீஸ்தான் ஞாபகம் வரும்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு தனி விஷயம். இங்கே எச்.ஏ.எல்., பி.இ.எல்., டி.ஆர்.டி.ஓ. ஆய்வுக்கூடங்கள் என்று பாதுகாப்புத் துறை நிறுவனங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர்கள் நிறைய. சி.வி.ராமன் நகரில் இருக்கும் என் மாமாவும் பாதுகாப்புத் துறையில் இருந்தவர். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் அவருக்கு ஒரு பெண் பெயரில் செய்தி வந்தது. சிங்கப்பூர் ஆலோசனை நிறுவனமாம். ரேடார் சந்தை பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் டாலரில் பணமாம். மாமாவுக்கு வாயெல்லாம் பல். எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நிறுவனத்தின் இணையதளம் மொத்தமே ஒரே பக்கம். அந்தப் பெண்ணின் கணக்குத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"மாமா, இதுக்குப் பதிலே போடாதீங்க."

"ரெண்டு பக்கம்தானேடா, எல்லாம் பழைய கதை. இதுல என்ன ரகசியம் இருக்கு?"

முதல் கட்டுரையில் ரகசியம் கேட்கவே மாட்டார்கள். பணம் ஒழுங்காக வரும். அப்புறம்தான் "இப்போ அந்தப் பிரிவில் யார் இருக்கிறார்கள்?" என்று ஆரம்பிக்கும். கற்பனை இல்லை இது. 2020-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு சிங்கப்பூர்க்காரர், போலி ஆலோசனை நிறுவனத்தின் பெயரில் வேலை விளம்பரம் போட்டு 400-க்கும் மேற்பட்ட சுயவிவரங்களை வாங்கியவர். சீன உளவுத் துறைக்காகச் செய்த வேலை அது. ஐந்து வருடத்தில் குறைந்தது 10,000 பிரிட்டிஷ்காரர்களுக்கு இப்படிப் போலிக் கணக்குகள் தூண்டில் போட்டதாக அந்த நாட்டின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5 2021-இல் சொன்னது. மாமா பதில் போடவில்லை. என் மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

சட்டம் காப்பாற்றாதா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன வழக்கைப் போட்டவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. நம்ம ஊர்க்காரர். ஆனால் அந்தத் தீர்ப்பு இந்திய அரசைத்தான் கட்டுப்படுத்தும். வேறு நாட்டு உளவுத் துறை அதைச் சட்டை செய்யப்போவதில்லை. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விவரம் கசிந்தால் நிறுவனம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு அதற்கு மேல் 18 மாதம் அவகாசம். அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தரவும் அதிலேயே வழி இருக்கிறது.

ஆகவே கொடுப்பதைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. வாடகை வீடு, பிஜி என்று இந்த ஊரில் ஆதார் ஜெராக்ஸ் கேட்காத இடமில்லை. கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். அதை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அதையே கொடுங்கள். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், மறைத்ததைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று டெல்லி இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. அறிக்கைதான் போனது, வசதி இருக்கிறது. போன் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால், அத்தையே அனுப்பியிருந்தாலும் திறக்காதீர்கள்.

நீங்கள் பத்திரிகையாளர், வழக்கறிஞர், செயல்பாட்டாளர் என்றால் இது போதாது. ஐபோனில், ஊடுருவும் வழிகளைக் குறைக்கும் லாக்டவுன் மோடைப் போடுங்கள். அரசு ஆதரவுடன் உங்கள் போனைக் குறிவைக்கிறார்கள் என்று ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை வந்தால், 2023 அக்டோபரில் இங்கே எதிர்க்கட்சி எம்.பி.க்களுக்கு வந்ததே, அந்த மாதிரி, போனை ஃபார்மட் செய்துவிடாதீர்கள், தடயமெல்லாம் போய்விடும். டிஜிட்டல் உரிமைகளுக்காக இயங்கும் ஆக்சஸ் நவ் அமைப்புக்கு 24 மணி நேர இலவச உதவி மையம் இருக்கிறது. வேறொரு போனிலிருந்து அவர்களைத் தொடர்புகொள்ளுங்கள்.