போட்டிக்கு அனுப்பும் முன் ஒரு ரசீது வாங்கிவிடுங்கள்

கேள்வி: நானும் என் தோழிகள் இருவரும் சேர்ந்து, குடிநீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று, சிர்கோனியம் சாயம் ஏற்றிய காகிதத்தின் நிறத்தைப் படித்து, சில நிமிடங்களில் காட்டும் சிறிய கருவி ஒன்றைச் செய்திருக்கிறோம். மலிவான நீர்ப் பரிசோதனைக் கருவிகளுக்கு மத்திய அரசுத் துறை ஒன்று ஆய்வுப் பரிசுப் போட்டி அறிவித்திருக்கிறது. கருவி வேலை செய்யும் விதம், வரைபடம், ஐந்து நிமிட வீடியோ எல்லாம் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டால் எங்கள் யோசனை கைவிட்டுப் போய்விடாதா? ஓர் ஆலோசகர், "அறுபதாயிரம் கொடுங்கள், பேட்டன்ட்டும் எடுத்து முதல் சுற்றிலும் தேர்வாக வைக்கிறேன். கண்டுபிடித்தவர்கள் வரிசையில் என் பெயரும் இருக்கட்டும்" என்கிறார். இதற்கிடையே எங்கள் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் கருவியைப் பற்றி ஒரு சின்ன வீடியோ போட்டுவிட்டோம். அது தப்பா? கடைசித் தேதிக்கு 19 நாள்தான் இருக்கிறது.

பதில்: தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். ஆனால் போட்டி விண்ணப்பத்தில் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துவதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது பேட்டன்ட் அலுவலகத்தில் ப்ரொவிஷனல், அதாவது தேதியைப் பிடித்து வைக்கும் முதற்கட்ட, விண்ணப்பம் போட்டு, தேதியும் எண்ணும் உள்ள ரசீதைக் கையில் வாங்கிவிடுங்கள். அந்த அறுபதாயிரம் உங்களிடமே இருக்கட்டும்.

தமிழில் பேட்டன்ட்டையும் காப்புரிமை என்கிறார்கள், காப்பிரைட்டையும் சிலர் காப்புரிமை என்றே எழுதிவிடுகிறார்கள். இந்தக் குழப்பத்தாலேயே என்னிடம் வந்து ஏமாந்த கதை சொன்னவர்கள் உண்டு. அதனால் இங்கே கண்டுபிடிப்புக்கான உரிமையை பேட்டன்ட் என்றே எழுதுகிறேன்.

நம் நாட்டில் யோசனை யாருக்கு முதலில் தோன்றியது என்று அலுவலகம் விசாரித்துக்கொண்டிருக்காது. எந்த விண்ணப்பத்தின் தேதி முந்தியது என்றுதான் பார்க்கும். அந்தத் தேதிக்கு முன் விஷயம் ஊருக்குத் தெரிந்திருந்தால் அது புதியது அல்ல, பேட்டன்ட்டும் கிடையாது. ஊருக்குச் சொன்னது நீங்களேதான் என்றாலும் இதே கதிதான். போட்டிகளில் மாட்டிக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ப்ரொவிஷனலுக்குச் செலவு அதிகமில்லை. தனிநபர்கள் இணையம் வழியே போட்டால் 1,600 ரூபாய். மூன்று பேர் சேர்ந்து விண்ணப்பித்தாலும் ஒரே கட்டணம்தான். இணையத்தில் போட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது இல்லையென்றால் காகிதத்திலேயே 1,750 ரூபாய் கட்டி, சென்னை கிண்டியில் உள்ள அலுவலகத்தில் நேரே கொடுக்கலாம். மற்றவர்களுக்காக விண்ணப்பம் போட்டுத் தரும் பேட்டன்ட் ஏஜென்ட்டுகளாகிய நாங்கள் இணையத்தில்தான் போட வேண்டும். விண்ணப்பதாரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் சிலருக்குப் பிழைப்பு போய்விடும்.

ப்ரொவிஷனலில், இன்னின்னது எங்களுடையது என்று வரையறுக்கும் உரிமைக் கோரிக்கைகள், அதாவது கிளெய்ம், எழுத வேண்டியதில்லை. அதற்காக அரைப் பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறீர்களோ அதற்குத்தான் அந்தத் தேதி. ஃபுளோரைடு பட்டால் சிர்கோனியம் கலந்த சாயம் வெளுக்கும் என்பது பழைய வேதியியல், அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. உங்கள் சரக்கு வேறெங்கோ இருக்கிறது: அந்தச் சாயத்தைக் காகிதத்தில் எப்படி நிலைக்க வைத்தீர்கள், தண்ணீரில் உள்ள மற்ற உப்புகள் குழப்பாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள், நிறத்தைக் கருவி எப்படிப் படிக்கிறது. இதையெல்லாம் விவரமாக எழுதுங்கள். என்னென்ன அளவு, என்ன விகிதம், தோற்றுப்போன முயற்சிகள், இதற்குப் பதில் அதைப் போட்டாலும் வேலை செய்யும் என்பன போன்ற மாற்று வழிகள் எல்லாம் இருக்கட்டும். 30 பக்கம் வரை கூடுதல் கட்டணம் கிடையாது. போட்டிக்கு அனுப்பும் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு விஷயமும் இதிலும் இருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

ப்ரொவிஷனல் போட்ட தேதியிலிருந்து 12 மாதத்துக்குள், கிளெய்ம்களும் சேர்ந்த முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அப்புறம் அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசோதிப்பதற்கான கட்டணம் தனி, தனிநபருக்கு 4,000 ரூபாய். அந்தச் செலவை எல்லாம் போட்டி முடிவைப் பார்த்துவிட்டுக்கூடச் செய்யலாம், நாள் கணக்கை மட்டும் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டால் போதும். உங்களுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம்.

சரி, "அரசாங்கத்திடம் கொடுத்தால் பாதுகாப்புத்தானே, சட்டத்திலேயே இருக்கிறதே" என்று அந்த ஆலோசகரோ வேறு யாரோ சொல்லக்கூடும். சொல்பவர் பாதி உண்மை சொல்கிறார். இந்தப் பாதி உண்மையால் உரிமை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பேட்டன்ட் சட்டம் 1970, பிரிவு 30. ஒரு கண்டுபிடிப்பையோ அதன் தகுதியையோ ஆராய்வதற்காக அரசுக்கோ, அரசு அதிகாரம் கொடுத்த ஒருவருக்கோ அதைத் தெரிவித்திருந்தால், அந்த ஒரே காரணத்துக்காக 'இது ஏற்கெனவே வெளியாகிவிட்டது' என்று உங்கள் விண்ணப்பத்தைத் தள்ள முடியாது. அந்த ஆராய்ச்சிக்காக அவர்கள் செய்யும் காரியங்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. நல்ல பிரிவுதான். துறை அதிகாரி உங்கள் கோப்பைப் படிக்கிறார், துறை நியமித்த பேராசிரியர் கருவியைச் சோதித்துப் பார்க்கிறார் என்றால் அதனால் மட்டும் உங்களுக்குக் கேடு வராது.

ஆனால் 'அந்த ஒரே காரணத்துக்காக' என்ற சொற்களைக் கவனியுங்கள். இறுதிச் சுற்றை மண்டபத்தில் பார்வையாளர்கள் முன் நடத்தி, அங்கே கருவியைப் பிரித்துக் காட்டச் சொன்னால்? உங்கள் வீடியோவைத் துறையின் யூடியூப் பக்கத்தில் ஏற்றிவிட்டால்? போட்டியை நடத்தித் தரும் தனியார் நிறுவனம் 'இந்த ஆண்டின் சிறந்த யோசனைகள்' என்று படத்தோடு ஒரு கையேடு போட்டால்? மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களை அரசு நியமித்ததா, யூடியூபில் பார்த்தவர்களை நியமித்ததா? பிரிவு 30-ஐ நம்பி இந்த இடத்தில் நிற்காதீர்கள். ஒருவர் இப்படித்தான் பரிசும் வாங்கி, கைதட்டலும் வாங்கி, அந்தக் காட்சி இணையத்தில் ஏறி 14 மாதம் கழித்து என்னிடம் வந்தார். கேடயத்தையும் கொண்டுவந்திருந்தார். நான் அதைப் பார்த்துப் பாராட்டினேன், செய்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

இன்னொன்று. அதே கருவியை வேறொருவர் தானாகவே யோசித்து, உங்களுக்கு ஒரு வாரம் முன் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டுவிட்டால் பிரிவு 30 அவரைத் தடுக்காது. அது உங்களுக்குத் தேதி எதுவும் கொடுப்பதில்லை, நீங்கள் சொன்னதை வெளியீடாகக் கணக்கில் எடுக்காமல் விடுகிறது, அவ்வளவுதான். ஒரே தலைப்பில் போட்டி அறிவித்தால் நாடு முழுவதும் பலர் ஒரே மாதத்தில் ஒரே திசையில் யோசிக்கிறார்கள். கையடக்க நீர்ப் பரிசோதனைக் கருவிகளுக்கு 2020-லேயே மத்திய அரசு இப்படி ஒரு போட்டி அறிவித்தது. அப்போது கலந்துகொண்டவர்களின் விண்ணப்பங்கள் இப்போது பேட்டன்ட் அலுவலகத்தின் இணையத் தேடலில் இருக்கக்கூடும். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகிவிடும். ஒரு மாலை நேரம் ஒதுக்கித் தேடிப் பாருங்கள், தேடக் கட்டணம் இல்லை.

வெளிநாட்டிலும் உரிமை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் நம் பிரிவு 30 அங்கே செல்லாது. அமெரிக்காவில் நீங்களே வெளியிட்டதற்கு 12 மாதச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான சலுகை இல்லை. கண்காட்சிகளுக்கும் அறிவியல் சங்கங்களில் வாசிக்கும் கட்டுரைகளுக்கும் நம் சட்டத்தில் தனி விலக்குகள் இருக்கின்றன, உங்களுக்கு அவை உதவாது.

1810-லேயே இப்படி ஒரு கதை நடந்திருக்கிறது. உணவைக் கெடாமல் அடைத்து வைக்கும் வழி கண்டுபிடித்த நிக்கோலா அப்பேருக்கு பிரெஞ்சு அரசு 12,000 ஃபிராங்க் கொடுத்தது. செய்முறையை வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் புத்தகமாகவே போட்டார். அதே ஆண்டில் லண்டனில் பீட்டர் டியூராண்ட் என்பவர் இதே விஷயத்துக்கு, தகர டப்பாவையும் சேர்த்து, பேட்டன்ட் வாங்கிவிட்டார். வெளிநாட்டு நண்பர் ஒருவர் சொன்ன யோசனை என்று அவரே மனுவில் எழுதிக்கொடுத்தார். அன்றைய இங்கிலாந்தில் அது செல்லுபடியானது.

போட்டி விதிகளில் 'அறிவுசார் சொத்துரிமை' என்று ஒரு பத்தி இருக்கும். பரிசுத் தொகை எழுதியிருக்கும் பக்கத்தைப் பத்து முறை படிப்பவர்கள் இதை ஒரு முறைகூடப் படிப்பதில்லை. உரிமை உங்களிடமே இருக்கிறதா, துறையோடு கூட்டாகவா, அல்லது துறை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டுமா என்று பாருங்கள். மூன்றாவது என்றால் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். 'சமர்ப்பிக்கப்படும் அனைத்தும் துறையின் சொத்தாகும்' என்று இருந்தால், பரிசு கிடைக்காதவர்களுக்கும் அது பொருந்துமா என்று மின்னஞ்சலில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். இது என்ன நியாயமோ தெரியவில்லை. அமெரிக்கா 2011 தொடக்கத்தில் அரசுப் பரிசுப் போட்டிகளுக்கென்று சட்டத்திலேயே எழுதிவிட்டது: பங்கேற்பாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவருடைய கண்டுபிடிப்பில் அரசுக்கு எந்த உரிமையும் வராது. நம்மிடம் ஒவ்வொரு துறையும் போட்டிக்குப் போட்டி ஒரு விதி எழுதுகிறது. பல நேரம் முந்தைய டெண்டர் பத்திரத்தில் இருந்து வெட்டி ஒட்டுகிறார்கள். பள்ளி ஆசிரியையும் பாலம் கட்டும் ஒப்பந்ததாரரும் ஒரே பத்தியில் கையெழுத்துப் போடுகிறார்கள். உதவி எண்ணில் கூப்பிட்டால், 'போர்ட்டலில் போட்டிருக்கிறது, பாருங்கள்' என்கிறார்கள்.

உங்களில் யாராவது கல்லூரியிலோ நிறுவனத்திலோ வேலை பார்த்தால் வேலை ஒப்பந்தத்தையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இனி அந்த ஆலோசகர். அரசுப் போட்டியில் 'தேர்வாக வைக்கிறேன்' என்று சொல்பவர் பொய் சொல்கிறார், அல்லது அதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் விலகிவிடுங்கள். பேட்டன்ட் எடுத்துத் தருவதைத் தொழிலாகச் செய்ய, தேர்வு எழுதித் தேறி, பேட்டன்ட் ஏஜென்ட்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். பேட்டன்ட் அலுவலகத்தின் இணையதளத்தில் ஏஜென்ட்டுகள் பட்டியல் இருக்கிறது, பெயர் உண்டா என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எண் கேட்டதும் பேச்சை மாற்றுபவர்கள்தான் அதிகம்.

கண்டுபிடித்தவர்கள் வரிசையில் அவர் பெயரா? அவர் எதைக் கண்டுபிடித்தார், உங்களையா? உண்மையில் கண்டுபிடித்தவர், அல்லது அவரிடமிருந்து உரிமை பெற்றவர், இவர்கள்தான் விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம். சும்மா ஒரு பெயரைச் சேர்த்தால் பிற்காலத்தில் அந்தப் பேட்டன்ட்டையே உடைக்க எதிராளிக்கு நீங்களே கடப்பாரை எடுத்துக் கொடுத்த மாதிரி. விண்ணப்பதாரராகவும் சேர்த்துக்கொண்டால் அவர் கையெழுத்து இல்லாமல் நாளைக்கு உரிமையை விற்கவோ வேறு யாருக்கும் உரிமம் தரவோ முடியாது.

இவர்கள் என்ன சான்றிதழ் கொடுப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் உருவத்தை டிசைன் என்று பதிவு செய்து, 'இந்தாருங்கள் பேட்டன்ட்' என்று நீட்டுவார்கள். டிசைன் பதிவு வெளித்தோற்றத்தை மட்டும்தான் காக்கும். உள்ளே இருக்கும் காகிதத்தையும் வேதியியலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சிலர் வெளிநாட்டு டிசைன் பதிவு வாங்கிக் கொடுப்பார்கள், கொடியும் முத்திரையும் இருப்பதால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். இன்னும் சிலர் விண்ணப்பத்தை அவசரமாக வெளியிடச் செய்து, பேட்டன்ட் அலுவலக இதழில் வந்த பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கொடுப்பார்கள். விண்ணப்பம் வெளியானது என்றால் ஊரார் படிக்கலாம் என்று மட்டும்தான் பொருள். பேட்டன்ட் கிடைத்தது என்று பொருள் இல்லை.

உதவி இல்லாமல் எழுத முடியாது என்றால் பதிவு பெற்ற ஏஜென்ட்டிடம் ப்ரொவிஷனலை மட்டும் சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்பாகப் பதிவு செய்திருந்தால், 2016 முதல் நடக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் ஏஜென்ட்டின் கட்டணத்தை அரசே கொடுக்கும், அலுவலகக் கட்டணம் மட்டும் உங்களுடையது. முறையான படிப்பு இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்கு தேசியப் புத்தாக்க அறக்கட்டளை உதவுகிறது. 19 நாளில் இவை எல்லாம் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த முறைக்கு நீங்களே எழுதிப் போடுவதுதான் நடக்கிற காரியம்.

வாட்ஸப் வீடியோ விஷயம். அதில் கருவியில் அளவு எண் தெரிவதும் நீங்கள் மூவரும் சிரிப்பதும் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். காகிதம் எப்படிச் செய்தீர்கள், என்ன கலந்தீர்கள் என்று பேசியிருந்தால் சிக்கல்தான். யாரும் ரகசியம் காப்பதாக ஒப்புக்கொள்ளாத குழு அது. முதலில் அந்த வீடியோவை ஒரு நகல் எடுத்து, போட்ட தேதி தெரிகிற மாதிரி படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு நீக்குங்கள். பலர் பயந்துபோய் முதலில் நீக்கிவிடுவார்கள். பிறகு அதில் என்ன சொன்னோம், என்ன சொல்லவில்லை என்று நிரூபிக்க ஒன்றும் இருக்காது. அதில் சொல்லாமல் விட்டது எது என்று மூவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ப்ரொவிஷனலில் அழுத்தம் கொடுக்க வேண்டியது அந்தப் பகுதிக்குத்தான்.