முற்றம் சமமானால் தண்ணீர் எங்கே போகும்?

கேள்வி (உடுமலைப்பேட்டை வாசகி): எங்களுக்கு 12 சென்ட் இடம், நடுவில் வீடு. செம்மண். கிணறு தூர்வாரிய மண் வடக்கு மூலையில் மேடாகக் கிடக்கிறது. தெற்கே சமையலறைப் பின்புறம் மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நிற்கிறது. 'ரொட்டவேட்டர் ரெண்டு தடவை விட்டால் சமமாகிவிடும்' என்கிறார் டிராக்டர்காரர். என் வீட்டுக்காரர் ஜேசிபிதான் வேண்டும் என்று நிற்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். ரொட்டவேட்டர் நாலைந்து அங்குல ஆழத்துக்கு மண்ணைப் பொடியாக்கும், ஆனால் பொடியான மண் அங்கேயேதான் கிடக்கும். மேடு பொலபொல மேடாகும், பள்ளம் பொலபொல பள்ளமாகும், அவ்வளவுதான். வேலை முடிந்த சாயங்காலம் மெத்தை விரித்தது போல அழகாக இருக்கும், காசு கொடுத்து அனுப்பிவிடுவோம். ஐப்பசி மழை இரண்டு அடித்ததும் வாசலில் செருப்பு ஒட்டிக்கொள்கிற சேறு. ஜேசிபி பெரிய பாறை, ஆழமான வெட்டு இருந்தால் வரட்டும். வீட்டைச் சுற்றி இருக்கிற சந்தில் அது திரும்பும்போதே புதுப் பள்ளம் விழும்.

உங்களுக்கு வேண்டியது முன்னால் டோசர் தகடு (மேட்டு மண்ணைப் பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் அகலமான இரும்புத் தகடு) மாட்டிய டிராக்டர். இறுகிய மேட்டைக் கிளற ஐந்து கலப்பையோ ஒன்பது கலப்பையோ கூட இருந்தால் போதும்.

ஆனால் அதைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள் ஒரு வேலை இருக்கிறது, இதைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை, அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை (உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது, இருந்தால் கணக்கு தப்பும்) வாங்கி, சுவரோரம் ஒரு முளை, தண்ணீர் போய்ச் சேர வேண்டிய மூலையில் ஒரு முளை அடித்து இரண்டிலும் ஒரே மட்டத்தைக் குறித்து நூல் கட்டுங்கள். நூலிலிருந்து தரை எவ்வளவு கீழே என்று பத்தடிக்கு ஒரு தடவை அளந்து சுண்ணாம்பில் எழுதுங்கள். முற்றத்தைத் தட்டு மாதிரி சமமாக்கினால் தண்ணீர் தேங்கத்தான் செய்யும். அது ஓட வாட்டம், அதாவது லேசான சரிவு, வேண்டும். சுவரை ஒட்டிய முதல் பத்தடிக்குள் அரையடி இறங்கட்டும், அதற்கு அப்பால் நூறடிக்கு ஒரு அடி போதும். அறுபதடி தூரம் என்றால் ஏழு அங்குலம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். போகிற இடம் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டாக இருந்தால் வேறு வம்பு வரும். 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயமானபோது தோண்டிய குழி இருந்தால் அதைத் தூர்வாரி அந்தப் பக்கமே வாட்டம் விடுங்கள்.

மண் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். வீடு போக நாலாயிரம் சதுர அடி, சராசரி மூன்று அங்குலம் ஏற்ற வேண்டும் என்றால் 1000 கன அடி, அதாவது 10 யூனிட். உங்கள் கிணற்று மண் மேடு அதற்கு வருமா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே மண்ணுக்குச் சொல்ல வேண்டும். கிணற்று மண்ணில் கல் அதிகம் இருந்தால் அதை அடியில் போட்டு நல்ல மேல்மண்ணை மேலே வையுங்கள், இல்லையென்றால் முருங்கைகூட முளைக்காது.

வேலை நடக்கும் அன்று மண் பதமாக இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உடைய வேண்டும். காய்ந்திருந்தால் தகடு வழுக்கும், ஈரமாக இருந்தால் தகட்டிலேயே அப்பிக்கொள்ளும். நல்ல கோடை மழை பெய்து மூன்று நாள் கழித்து என்றால் உத்தமம். பள்ளத்தில் ஒரேயடியாகக் கொட்ட விடாதீர்கள், ஆறு அங்குலம் பரப்பி, டிராக்டர் சக்கரத்தாலேயே மிதிக்கவிட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடி ஆறு அங்குலம். அவசரமாகக் கொட்டிய ஓரடி மண் ஒரு மழைக்காலம் பார்த்ததும் இரண்டு அங்குலமாவது உட்கார்ந்துவிடும், அப்புறம் அதே குளம் அதே இடத்தில்.

இன்னொன்று. டிராக்டர் நீளவாக்கில் மட்டும் ஓடினால் முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது தகடும் ஏறும், இறங்கும்போது தகடு மண்ணைக் கடிக்கும், கடைசியில் தரை அலை அலையாக நிற்கும். அதனால் ஒரு தடவை நீளவாக்கில், ஒரு தடவை குறுக்காக, ஒரு தடவை கோணலாக ஓட்டச் சொல்லுங்கள். கடைசியில் பின்னோக்கி வந்தபடியே தகட்டை லேசாக விட்டு இழுத்தால் பரம்படித்த மாதிரி படியும். சலித்துக்கொள்ளாமல் இதைச் செய்கிற டிரைவர் கிடைத்தால் மதியச் சாப்பாடு போட்டே அனுப்பலாம்.

வீட்டு அஸ்திவாரச் சுவர் அரையடியாவது வெளியே தெரிய வேண்டும், அதற்கு மேல் மண் ஏறினால் ஓதமும் கரையானும் வரும். தென்னையைச் சுற்றி ஆறடிக்குள் தகடு இறங்கவே கூடாது, வேரில் பெரும்பகுதி அங்கேதான். செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய், போர் குழாய் இருக்கும் இடங்களில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுங்கள். எங்கள் வீட்டுத் தொட்டி மூடி அரையடி மண்ணுக்குக் கீழே இருப்பது எனக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியாது, நான் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் பின்சக்கரம் ஒன்று தொட்டிக்குள்! இன்னொரு டிராக்டர் வைத்து இழுத்து, மூடி புதிதாக வார்த்து, மூன்று நாள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): வயலுக்கு லேசர் லெவலர் வருகிறது. அதே வண்டியை வீட்டு முற்றத்துக்கும் விடலாமா?

பதில்: வேண்டாம். முக்காலியில் நிற்கும் கருவி சுற்றிச் சுற்றி ஒளிக்கற்றை வீச, வாளித் தகட்டின் கம்பத்தில் உள்ள கருவி அதை வாங்கி, ஹைட்ராலிக்கைத் தானே ஏற்றி இறக்கும். நெல் வயலில் அருமையான வேலை, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். முற்றத்தில் தண்ணீர் நிற்கவே கூடாதே! அதோடு அந்த வண்டி திரும்ப இடம் வேண்டும், நடுவில் வீடும் மரமும் இருந்தால் கற்றை மறைந்துபோகும். வயலுக்கு வேண்டுமென்றால் வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள், உழவன் செயலியில் இ-வாடகை பகுதியில் அவர்களிடம் என்னென்ன இயந்திரம் இருக்கிறது என்று தெரியும்.

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): கரிசல் மண் களத்தைப் போன வருடம்தான் டோசர் விட்டுச் சமப்படுத்தினேன். இந்த வருடம் மறுபடி வெடிப்பும் மேடும். டிரைவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர் மேல் தப்பில்லை. கரிசல் ஈரம் கண்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், நீங்கள் எத்தனை தடவை தகடு போட்டாலும் அதன் குணம் மாறாது. வாட்டம் சரிசெய்து, மேலே ஆறு அங்குலம் கிராவல் பரப்பி, நனைத்து ரோலர் ஓட்டுங்கள். கிராவல் போட்ட பிறகு ரொட்டவேட்டர் உள்ளே வரக் கூடாது, வந்தால் கரிசலோடு கலந்து போட்ட காசு போய்விடும்.

கேள்வி (தேனி வாசகர்): சொந்த டிராக்டர் இருக்கிறது. டோசர் தகடு வாங்கி மாட்டிவிடவா?

பதில்: வருடத்தில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? நாலு நாள் என்றால் வாடகைக்கு எடுங்கள். முன் அச்சில் அத்தனை எடையை வருடம் முழுக்கச் சுமந்தால் ஸ்டியரிங் கனக்கும், முன் டயர் சீக்கிரம் தேயும், கழற்றி மாட்டவும் நமக்குச் சோம்பலாக இருக்கும்.