கருத்தடை மாத்திரை சாப்பிட்டா வைட்டமின் சி குறைஞ்சிடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 29. ரெண்டு வருஷமா கருத்தடை மாத்திரை சாப்பிடுறேன். கொஞ்ச நாளா பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வருது. இந்த மாத்திரை வைட்டமின் சி-யை குறைச்சிடும்னு படிச்சேன், அதனால நானாவே தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி போடுறேன். தொடரலாமா? இல்ல கருத்தடை மாத்திரையவே நிறுத்திடவா?

பதில்: அவசரப்பட்டு நிறுத்திடாதீங்கம்மா, நடுவுல விட்டா கர்ப்பம் ஆக வாய்ப்பிருக்கு. ஈறுல ரத்தம் வருதுன்னு அதை நிறுத்த வேண்டிய அவசியமே இல்ல.

நீங்க படிச்சதுல உண்மை இருக்கு. 1970-கள்லயே ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிடுற பெண்களோட ரத்தத்துல, முக்கியமா வெள்ளணுக்கள்லயும், ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட்லயும் வைட்டமின் சி கம்மியா இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஈஸ்ட்ரோஜன் உள்ள போனா கல்லீரல் செருலோபிளாஸ்மின்னு தாமிரம் சுமக்குற ஒரு புரதத்தை அதிகமா தயாரிக்கும், அது வைட்டமின் சி-யை சீக்கிரம் செலவழிச்சிடுதுன்னுதான் இதுக்கு சொல்ற முக்கியமான விளக்கம். ஆனா அப்போ இருந்த மாத்திரைகள்ல ஈஸ்ட்ரோஜன் 50 மைக்ரோகிராம், அதுக்கு மேலயும் இருந்துச்சு, இப்போ பெரும்பாலும் 20-லருந்து 35-க்குள்ளதான். அதோட ரத்தத்துல அளவு கொஞ்சம் இறங்குறது வேற, ஸ்கர்விங்கிற வைட்டமின் சி பற்றாக்குறை நோய் வர்ற அளவுக்கு குறையுறது வேற. தினமும் 10 மில்லிகிராம் கூட கிடைக்காம வாரக்கணக்கா போனாத்தான் ஸ்கர்வி வரும், அதுல ஈறு ஊதா நிறத்துல பஞ்சு மாதிரி வீங்கும், முடி வேர்களைச் சுத்தி சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி வரும், புண்ணு ஆறாது.

பெண்களுக்கு ஒரு நாளைக்கு 75 மில்லிகிராம் இருந்தா போதும். ஒரு கொய்யாவுலயே அது கிடைச்சிடும், இல்லன்னா ரெண்டு ஆரஞ்சு. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு மட்டும் இன்னும் 35 கூடுதலா வேணும். அதனால உங்க 1000 மில்லிகிராம் தேவையே இல்ல, பெரும்பகுதி சிறுநீர்லதான் போகும், சிலருக்கு வயித்துப்போக்கு வரும், ஏற்கனவே கிட்னில கல் வந்தவங்க இதைத் தொடவே கூடாது. அதிக டோஸ் வைட்டமின் சி ரத்தத்துல ஈஸ்ட்ரோஜனை ஏத்திடும்னு 1980-கள்ல ஒரு பேச்சு வந்துச்சு, பின்னாடி நடந்த ஆய்வுல அது உறுதி ஆகல, அதனால இத்தனை நாள் போட்டதை நினைச்சு பயப்பட வேண்டாம்.

என்னைக் கேட்டா, வைட்டமின் சி-யை விட ஃபோலேட்ங்கிற பி வைட்டமின்தான் முக்கியம். அதுவும் கருத்தடை மாத்திரையால குறையும், குழந்தைக்கு பிளான் பண்றீங்கன்னா மாத்திரையை நிறுத்துறதுக்கு முன்னாடியே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் (ஃபோலேட்டோட மாத்திரை வடிவம்) ஆரம்பிச்சிடுங்க.

இப்போ ஈறுக்கு வர்றேன். பல் தேய்க்கும்போது மட்டும் ரத்தம் வருதுன்னா, பல்லும் ஈறும் சேர்ற இடத்துல படிஞ்ச அழுக்குதான் பெரும்பாலும் காரணம், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுறப்ப சிலருக்கு ஈறு அதுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமா வீங்கும். ரத்தம் வருதேன்னு அந்த இடத்தை விட்டுட்டு தேய்க்காதீங்க, அப்போதான் இன்னும் மோசமாகும், மென்மையான பிரஷ்ஷால அந்த ஓரத்தையும் சேர்த்து தேய்ங்க, பல் டாக்டர்கிட்ட போய் ஒரு தடவை கிளீனிங் பண்ணிக்குங்க. அடிபடாமலே உடம்புல நீலமா கன்னிப் போறது, மூக்குல ரத்தம், பீரியட்ஸ்ல திடீர்னு அதிக ரத்தப்போக்கு, இதுல ஏதாவது இருந்தா மட்டும் தள்ளிப்போடாம பிளேட்லெட்டோட சேர்த்து ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க.