வாசகர் கேள்வி – பதில்: பிள்ளை வீட்டில் இருக்கட்டும்

சென்ற இதழில், 2018-இல் வெளிவந்த 'ஏ கிட் லைக் ஜேக்' என்னும் அமெரிக்கப் படத்தைப் பற்றி எழுதியிருந்தேன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வசிக்கும் அலெக்ஸ், கிரெக் தம்பதியின் நான்கு வயது மகன் ஜேக், இளவரசிக் கதைகளிலும் பாவாடைகளிலும் மனம் தோய்ந்திருப்பவன். அவனை நல்ல பள்ளியில் சேர்ப்பதற்கான விண்ணப்பங்களை நிரப்பத் தொடங்கியதும், இதுவரை பேசாமல் தள்ளிவைத்ததையெல்லாம் பெற்றோர் பேச வேண்டியதாகிறது. அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படத்தைப் பற்றியவை அல்ல, சொந்த வீட்டைப் பற்றியவை. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே. எழுதியவர்களின் பெயர்களையும், பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறேன்.

பிள்ளையைப் பற்றிய படம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் பிள்ளை அரிதாகத்தான் கண்ணில் படுகிறான். தாயும் தகப்பனும் வாக்குவாதம் செய்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் என்ன சிறப்பு?
– வாசகி, கோடம்பாக்கம்

டேனியல் பியர்ல் எழுதி 2013-இல் நியூயார்க்கில் மேடையேறிய நாடகம்தான் பின்னர் படமானது. நாடகத்தில் ஜேக் மேடைக்கு வருவதே இல்லை. படத்தை இயக்கிய சைலஸ் ஹோவர்டு தாமே ஒரு திருநர், அதாவது பிறப்பில் குறித்த பாலினத்திலிருந்து வேறான பாலினத்தை உள்ளத்தில் உணர்பவர். அவரும் பிள்ளையை ஓரத்திலேயே வைத்துக்கொண்டு, பெரியவர்களின் முகங்களை நோக்கியே கேமராவைத் திருப்புகிறார். ஒரு குழந்தையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அந்தக் குழந்தையிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை என்னும் நிலையை அந்த அமைப்பே உணர்த்திவிடுகிறது. அந்த அளவில் அது எனக்குச் சரியாகவே படுகிறது.

கிளேர் டேன்ஸ் ஏற்றிருக்கும் அலெக்ஸ் என்னும் தாயைக் கவனியுங்கள். வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுப் பிள்ளையை வளர்ப்பதற்கே தன்னை ஒப்புக்கொடுத்தவள் என்பதால், பிள்ளையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அவளுக்குத் தன் வளர்ப்பைப் பற்றிய தீர்ப்பாகவே காதில் விழுகிறது. ஜிம் பார்சன்ஸ் ஏற்றிருக்கும் கிரெக்கோ மனநல ஆலோசகர். ஊராரின் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்பதே தொழிலாக உள்ள அந்த மனிதருக்கு, சொந்த மனைவியிடம் பேச வாய் எழுவதில்லை. இடையில் அவள் கருவுற்று, அந்தக் கருவும் கலைந்துபோகிறது. இவ்வளவும் சேர்ந்து, இருவரும் ஒருவரையொருவர் குத்திக் கிழித்துக்கொள்ளும் அந்த நீண்ட சண்டையில் வெடிக்கும்போது, சண்டை பாவாடையைப் பற்றியதே இல்லை என்பது நமக்குப் புரிகிறது.

பள்ளிக்கூடத்துக் காட்சிகளும் என்னை யோசிக்க வைத்தன. ஜேக் படிக்கும் மழலையர் பள்ளியின் தலைவி ஜூடி, அவனுடைய விளையாட்டைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதினால் இடம் கிடைக்க உதவும் என்கிறார். மறைத்தாலும் சரி, விளம்பரம் செய்தாலும் சரி, இரண்டிலும் பிள்ளை அடுத்தவர் கண்ணுக்காகவே வாழ வேண்டியதாகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். ஜேக்கிற்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை அறிய, அவன் தானாக விளையாடும் பத்து நிமிடங்களாவது நமக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இப்படியொரு படம் தமிழில் ஏன் வரவில்லை?
– கல்லூரி மாணவர், பள்ளிக்கரணை

நம் படங்கள் திருநங்கையரை நெடுங்காலம் நகைச்சுவைக்கென்றே வைத்திருந்தன. கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் ரத்தமும் சதையுமான மனிதர்களாக அவர்களைக் காட்டும் சில படங்கள் வந்தன. அவற்றிலும் பெரும்பாலும் நாம் சந்திப்பது வீட்டை விட்டு வெளியேறி வளர்ந்துவிட்டவர்களை. ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதைப் படம்பிடிக்க நமக்கு இன்னும் துணிவு வரவில்லை. எடுப்பவர் எடுத்தால், எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கும் தகப்பனிலிருந்தே தொடங்கலாம். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தபடி 'பையன் ஏன் இப்படி நடக்கிறான்?' என்று கேட்கும் சித்தப்பாவையும், வாடகை வீட்டின் உரிமையாளரையும் மறந்துவிடக் கூடாது.

என் மகனுக்கு ஆறு வயது. குளித்துவிட்டு வந்ததும் துண்டைத் தலையில் கட்டிப் பின்னால் தொங்கவிட்டு, அது தன் ஜடை என்கிறான். என் கண்மையை எடுத்து இட்டுக்கொள்கிறான். போன மாதம் என் கணவர் அடித்துவிட்டார். இப்போது அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் துண்டைக் கட்டுகிறான். நாங்கள் என்ன தவறு செய்தோம்? மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?
– ஒரு தாய், வில்லிவாக்கம்

சகோதரி, துண்டைப் பற்றியும் மையைப் பற்றியும் நீங்கள் எழுதியதைச் சாதாரணமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். தகப்பனார் இல்லாத நேரத்தில் மட்டும் கட்டுகிறான் என்ற வரியில் நின்றுவிட்டேன். அந்த அடியால் ஜடை ஆசை போகவில்லை. மறைக்க மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறான். ஆறு வயதில் இதை மறைக்கப் பழகியவன், நாளைக்கு வேறு யாராவது அவனிடம் தகாத முறையில் நடந்துகொண்டாலும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டான். அடி இன்றோடு நிற்க வேண்டும் என்பதை உங்கள் கணவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. வளர்ப்பால் ஒரு பிள்ளை திருநங்கையாவதும் இல்லை, அதட்டலால் ஆகாமல் போவதும் இல்லை. ஜடை கட்டி விளையாடும் ஆண் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் வளர்ந்தபின் தங்களை ஆணாகவே உணர்கிறார்கள், சிலர் பெண்ணாக உணர்கிறார்கள். உங்கள் மகன் எவர் என்பதை இந்த வயதில் துண்டைப் பார்த்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. தன்னைப் பெண்ணென்று உணரும் குழந்தை பெரும்பாலும் அதைத் தன் வாயால், திரும்பத் திரும்ப, ஆண்டுக்கணக்கில் சொல்லும். அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் நீங்களாகத் தோண்டித் துருவ வேண்டாம். பெயர் வைக்க அவசரம் எதுவும் இல்லை.

ஊசி, மாத்திரை, அறுவை சிகிச்சை என்று உறவினர்கள் யாராவது பயமுறுத்தினால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பருவமடையாத குழந்தைக்கு இதற்காகக் கொடுக்கப்படும் மருந்து என்று எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், பிறப்பில் குறித்த பாலினமும் உள்ளத்தில் உணரும் பாலினமும் வேறுபடுவதை மனநோய்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பிள்ளை தூங்காமல் தவித்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்து அழுதாலோ, குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநருக்கெனத் தனிப் பிரிவும் உண்டு. பிள்ளையை மாற்றிக் காட்டுகிறேன் என்று எவரேனும் சொன்னால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அத்தகைய முயற்சிகளைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக, மருத்துவர் ஒருவர் அதைச் செய்வது தொழில்முறைக் குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது.

உங்கள் கணவருக்காக ஒன்று சொல்கிறேன். மாமியார் வீட்டு பீரோவில் பழைய ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நம் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் ஆண் பிள்ளைக்கு முதல் மொட்டை போடுவதற்கு முன், வளர்ந்த முடியில் பூ வைத்து ஜடை தைத்து, பட்டுப் பாவாடை கட்டி, கண்ணுக்கு மையும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் இட்டு, ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போய்ப் படம் எடுப்பார்கள். பின்னல் தெரிய வேண்டும் என்பதற்காக முதுகுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடியும் வைப்பார்கள். அப்படியொரு படம் உங்கள் கணவருக்கும் இருக்கக்கூடும். இருந்தால், அவரும் பிள்ளையும் சேர்ந்து பார்க்கட்டும். பெரியவர்கள் ஆசைப்பட்டுக் கட்டிய பாவாடை அழகாக இருந்தது என்றால், பிள்ளை ஆசைப்பட்டுக் கட்டும் துண்டில் என்ன குற்றம் என்று அவரே யோசிக்கட்டும்.

தெருப் பிள்ளைகளின் கேலியை உங்களால் நிறுத்த முடியாது. 'சிலர் சிரிப்பார்கள், அது உன் தப்பில்லை' என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லிவையுங்கள்.

ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் மென்மையான சுபாவமுள்ள ஒரு மாணவன், கேலிக்குப் பயந்து கழிப்பறைக்கே போவதில்லை, மாலை வரை அடக்கிக்கொள்கிறான். அவன் பெண்ணாக உணர்கிறானோ என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்றோரை அழைத்துச் சொல்லலாமா?
– ஓர் ஆசிரியை, குரோம்பேட்டை

அவனுடைய தண்ணீர் பாட்டிலை ஒரு நாள் மாலையில் தூக்கிப் பாருங்கள். அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுவார்கள், பாட்டில் காலையில் வந்த கனத்தோடே வீடு திரும்பும். ஆகவே முதலில் கழிப்பறைக்கு ஒரு வழி செய்யுங்கள். ஆசிரியர்களுக்கான கழிப்பறையை அவன் பயன்படுத்தத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கலாம், அல்லது இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே அவனை அனுப்பலாம். மேலே சொன்ன 2021 தீர்ப்பு பள்ளிகளுக்கும் பல யோசனைகளைச் சொல்லியிருக்கிறது. பால் வேறுபாடின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்பவற்றோடு திருநருக்கும் ஒரு கட்டம், சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதி, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகப் பெற்றோருக்கு இதைப் பற்றிய தெளிவை ஊட்டுதல் ஆகியவை அதில் உள்ளன.

பெற்றோரிடம் தண்ணீரையும் கழிப்பறையையும் பற்றி மட்டும் பேசுங்கள். உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லாதீர்கள். பிள்ளை தானே சொல்லாத ஒன்றை நாம் அந்த வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தால், அன்றிரவு அடி வாங்கப் போவது அவன்தான். வீட்டில் துன்புறுத்தல் நடப்பதாகத் தெரிந்தால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பேத்திக்குப் பதினைந்து வயது. தான் பெண்ணல்ல, ஆண் என்று என்னிடம் சொல்லி அழுதாள். தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். ஏதோ சந்தேகப்பட்டு என் மகன் வெளியூர் விடுதியில் சேர்க்கப் பார்க்கிறான். பேத்தியை 'அவன்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, 'அவள்' என்று சொன்னால் பிள்ளையின் முகம் சுருங்குகிறது. என்ன செய்யட்டும்?
– ஒரு தாத்தா, பெரம்பூர்

ஐயா, பெற்றவர்களிடம் சொல்லாததை உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறது அந்தப் பிள்ளை. அதற்காகவே உங்களுக்கு என் வணக்கம்.

நாக்கு எழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தொல்காப்பியரே இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார். ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி ஈறு கிடையாது, அவை உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே ஏற்கும் என்று தம் நூலின் கிளவியாக்கம் என்னும் இயலில் விதி செய்திருக்கிறார். எந்த ஈற்றைச் சேர்ப்பது என்பதில்தான் பேச்சு, உயர்திணை என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. உங்களுக்கு உடனடியாகக் கைகொடுக்கவும் தமிழில் சொற்கள் உண்டு. 'தங்கம்', 'செல்லம்' ஆகியவற்றுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. பெண் பிள்ளையைக்கூட 'வாடா கண்ணா' என்று கொஞ்சும் ஊர் நம் சென்னை. அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு, தனியாக இருக்கும்போது, எப்படிக் கூப்பிட வேண்டும், என்ன பெயரில் கூப்பிட வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். வாய் தவறினால் திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள்.

விடுதிக்கு மட்டும் அனுப்ப விடாதீர்கள். வீட்டில் இடமில்லாமல் வெளியேறிய திருநங்கையரை, ஜமாத் எனப்படும் திருநங்கையர் குழுவில் மூத்தவர் ஒருவர் மகளாக ஏற்றுக்கொண்டு சோறு போட்டு வளர்க்கும் வழக்கம் உண்டு. அந்த ஏற்பாடு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. உங்கள் பேரப்பிள்ளை போன்ற திருநம்பிகளுக்கு அப்படியொரு பழைய ஏற்பாடும் இல்லை, வீடு போனால் தெருதான். 2019-இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பிள்ளை திருநர் என்னும் காரணத்துக்காக, நீதிமன்ற ஆணையின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. திருநங்கையருக்கென நல வாரியத்தை 2008-இலேயே அமைத்த மாநிலம் நம்முடையது.

உங்கள் மகனிடம் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். அந்த 2021 வழக்கின் கதையைச் சொல்லுங்கள். பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, உளவியலாளர் ஒருவரிடம் தாமே போய் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அது கௌரவக் குறைவாகப் படவில்லை. உங்கள் மகனும் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்து கேட்கலாம், துணைக்கு நீங்களும் போகலாம்.

முடியைப் பற்றி. முடி வெட்டினால் வளரும் என்று உங்கள் மருமகளிடம் எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அதன்பின் நீங்கள் வழக்கமாகப் போகும் சலூனுக்கே அழைத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் இருக்கும். வார நாளில், கடை திறந்த கையோடு போனால் யாரும் இருக்க மாட்டார்கள். முதலில் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து வெட்டிக்கொள்ளுங்கள். எழுந்தபின், 'அடுத்தது என் பேரப்பிள்ளைக்கு' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.